புதுக்குலசையின் ஒரே ஏழை

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி விடிந்தால் புதுக்குலசையில் எல்லோரும் ஏழையைப் பார்க்கப் போவார்கள்.

போவதற்கு முன் காரைத் துடைப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் ஊற்றிக் கார் கழுவினால் ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும், அதனால் வெறும் துணிதான். துடைத்து முடித்ததும் கதவில் ‘உபயம்’ என்று எழுதி, அதன் கீழே தன் பெயர், தகப்பனார் பெயர், அறை எண், இடம் இருந்தால் சம்சாரம் பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதுவார்கள். எழுதிக்கொண்டே போய்க் கண்ணாடியையும் மறைத்துவிடுவது உண்டு. உள்ளே உட்காருபவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் நஷ்டமில்லை. அந்தக் கார்களில் யாரும் உட்காரப் போவதில்லை. பிறகு ஓடுகிறதை ஓட்டிக்கொண்டும், ஓடாததைத் தள்ளிக்கொண்டும் நான்காம் சுரங்கப்பாதை வழியாக ஏழையின் வளாகத்துக்கு நகர்வார்கள். தள்ளுகிறவர்கள்தான் அதிகம். மாலை ஐந்து மணிக்குக் காற்றகம் வரிக்கணக்கை மூடிவிடும். அதற்குள் ஏழையின் கையெழுத்து வாங்காதவர்கள் வருகிற ஆண்டில் கொஞ்சம் சிக்கனமாக மூச்சு விட வேண்டியிருக்கும்.

புதுக்குலசையில் வரியைக் காற்றாகத்தான் கட்ட வேண்டும். ஓர் ஆள் ஒரு மணி நேரம் விடுகிற மூச்சுக்கு ஒரு ‘மூச்சுமணி’ என்று பெயர். சம்பளம் அதில்தான், வாடகை அதில்தான், கல்யாணத்துக்கு வைக்கிற மொய்யும் அதில்தான். பாறையை உடைத்துக் காற்றைப் பிரிக்கிற ஆலைக்குச் செலவு இருக்கிறது. ஆகவே காற்றகம் ஆண்டுதோறும் ஆளுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். செவ்வாயில் ஓர் ஆண்டு என்பது அறுநூற்று எண்பத்தேழு நாள். ஆனாலும் வரிக்கு மட்டும் பழைய பூமிக்கணக்குதான், மார்ச் முப்பத்தொன்றில்தான் முடியும். ஆடிட்டர்களின் உடம்பு அப்படிப் பழகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள்.

இந்தக் காலனிக்கான முதல் கப்பல் கிளம்பியது தென்கரையிலிருந்து. அதனால் குடியேறிய அறுநூறு குடும்பங்களில் முக்கால்வாசி தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். வரும்போது புட்டுக்குழல் கொண்டுவந்தார்கள், கருவாடு கொண்டுவந்தார்கள், சட்டப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு, பழைய வாகனத்தை ஏழைக்குத் தானம் செய்தால் அதன் மதிப்பில் பாதி வரியில் கழியும் என்றது. இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல். புதுக்குலசையில் எல்லோருக்கும் சம பங்கு. ஏழை என்று ஒருவர்கூட இல்லை.

மூன்று நாள் பொதுக்கூட்டம் நடந்தது. ஏழை இல்லாத ஊரில் எப்படிக் குடித்தனம் செய்வது என்று ஆடிட்டர்கள் கலங்கிப்போனார்கள். கடைசியில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். தவசிமுத்து என்று வந்தது. அவர் அப்போது கூட்டத்துக்கு டீ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் ஏழையாகியிருந்தார். தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஒற்றை அறைக்குப் போனார். அதற்கப்புறம் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘ஏழை ஐயா’ என்பார்கள். எந்த விசேஷத்திலும் அவருக்கு முதல் பந்தி. அவர் நடந்து வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். பத்து ஆண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு கார்கள் அவருக்கு வந்து சேர்ந்தன. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பதினோராவது மார்ச்சில் ஞானக்கனிக்கு ஒரு கார் தானம் கொடுக்க வேண்டிய தேவை வந்தது.

ஞானக்கனிக்கு ஐம்பத்தாறு வயது. நீர்வடிப்பு நிலையத்தில் வேலை. கணவர் பொன்னுலிங்கம் துளைக்கருவி ஓட்டிக்கொண்டு வெளிவேலைக்குப் போனவர். நுரையீரலில் செந்தூசி அடைத்து, போன ஜூலையில் இறந்தார். அவள் அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒரு குறை உண்டு. அழக்கூடாது என்று அவள் எதுவும் விரதம் எடுக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனாள். வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவினாள். மதியம் சாப்பிட்டாள். எட்டு மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கேள்வி வேறு யாருக்கோ வந்தது போலக் கொஞ்சம் தாமதித்து, நல்லாருக்கேன் என்பாள்.

அவர்களுடையது இரட்டை அறை. நடுவில் ஒரு கதவு. இரண்டு பாதிக்கும் தனித்தனிக் காற்றுச் சுற்று. ஒரு பாதியில் உள்ள காற்று அதிலேயே சுற்றிச் சுற்றி வரும், வடிகட்டி கரியமில வாயுவை மட்டும் எடுத்துவிடும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். பொன்னுலிங்கம் கடைசி மூன்று மாதம் படுத்திருந்தது இடப்பக்கத்துப் பாதியில். அவரை வெளியே கொண்டுபோன பிறகு ஞானக்கனி நடுக்கதவைச் சாத்தினாள். அதன் பிறகு திறக்கவில்லை. திறந்தால் இந்தப் பக்கத்துக் காற்று அந்தப் பக்கம் போய்விடும். அவர் விட்ட மூச்சு அங்கே இருந்தது. அங்கே போய் உட்கார வேண்டும் என்றோ, அதை முகர்ந்து பார்க்க வேண்டும் என்றோ அவளுக்குத் தோன்றியதில்லை. அது அங்கே இருந்தால் போதும்.

காற்றகத்துக்கு அது போதவில்லை. ஆள் இல்லாத பாதியில் அடைத்து வைத்திருக்கும் காற்று ஆடம்பரம் என்றும், அதற்கு எழுநூறு மூச்சுமணி வரி என்றும், மார்ச் முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால் அந்தக் காற்றைப் பொதுத்தொட்டிக்கு இழுத்துக்கொள்வோம் என்றும் மரியாதையான ஒரு கடிதம் வந்தது. ஞானக்கனியின் சேமிப்பு ஆஸ்பத்திரியில் கரைந்திருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் சங்கிலியிடம் போனாள். பொன்னுலிங்கத்தை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியவன் என்பதால் சங்கிலிக்கு இவள் மைனி.

“அண்ணாச்சி கார் சும்மாதானே நிக்கி மைனி? அதை ஏழைக்குக் குடுத்துருங்க. ஆயிரத்து நானூறு மதிப்பு வந்துட்டா உங்க எழுநூறு அப்படியே கழிஞ்சிரும்.”

“அது பின்னாலதான் போகும், தம்பி. முன்னால போகாது.”

“போகுதுலா? போன வருஷம் நான் குடுத்ததுக்கு ஆறு சக்கரத்துல மூணுதான் இருந்துச்சு. ஏழை ஐயா வாயைத் திறக்கலையே.”

மதிப்பு விஷயத்தில் யாருக்கும் கவலை இருந்ததில்லை. அதற்கென்று ‘மதிப்பான்’ என்ற ஓர் இயந்திரம் ஏழையின் வளாகத்தில் நின்றது. பூமியில் நூறு ஆண்டுகளாக மனிதர்கள் தானம் கொடுத்த பொருள்களின் சான்றிதழ்களை எல்லாம் படிக்கக் கொடுத்து அதற்கு வேலை பழக்கியிருந்தார்கள். அது உண்மையாகவே படித்துத் தெளிந்தது. ஆகவே எந்தப் பொருளைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘நல்ல நிலை. சிறு கீறல்கள்’ என்று எழுதி, புதிய பொருளின் விலையில் முக்கால் பங்கை மதிப்பாகப் போட்டுக் கொடுக்கும். ஒருமுறை ஒருவர் காரை வீட்டிலேயே மறந்துவிட்டுச் சாவியை மட்டும் நீட்டினார். சாவிக்கும் ‘நல்ல நிலை’ கிடைத்தது. அந்த இயந்திரத்தில் பழுது இருப்பதாக யாரும் புகார் கொடுக்கவில்லை.

ஞானக்கனி காரைத் துடைத்தாள். கதவில் கணவர் பெயரைச் சின்னதாக எழுதினாள். மதியம் இரண்டு மணிக்குப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கினாள்.

கார் பின்னோக்கிப் போகிறதென்றால் ஓட்டுபவர் வரிசையில் தனக்கு அடுத்து வருகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே போக வேண்டும். முதலில் அவளுக்குப் பின்னால் வந்தவர் விதைக்கூடத்து மேற்பார்வையாளர். கால் மணி நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். அவர் சிரித்துப் பார்த்தார். அப்புறம் எட்டு மாதம் தாமதமாகத் துக்கம் விசாரித்தார். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானக்கனிக்குப் பாவமாக இருந்தது. ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள். அடுத்து வந்தவருக்கும் அதே சங்கடம், அவருக்கும் விட்டாள். இப்படியே வளாகத்தை அடைந்தபோது அவள்தான் கடைசி ஆள். மணி நாலேகால்.

வளாகம் என்பது ஒரு பெரிய குகை. இருநூற்றுச் சொச்சம் கார்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாக் கதவிலும் பெயர்கள். வாசலில் ஒரு மேஜை. அதன் பின்னால் தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். அறுபத்து நாலு வயது. ஒல்லியான உடம்பு. முன்னால் நின்ற ஆளுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, கண்ணை மூடி, விரல்களை மடக்கி எண்ணினார். நாலு வரை எண்ணி மூச்சை இழுத்தார். பன்னிரண்டு வரை பிடித்து வைத்தார். நூலை விடுவது போல மெதுவாக விட்டார்.

அந்த எண்ணிக்கை ஞானக்கனிக்குத் தெரியும். மூன்று மாதம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கூடவே எண்ணியிருக்கிறாள்.

“என்ன அண்ணாச்சி, மூச்சை எண்ணுதீங்க?”

“ஒண்ணுமில்லம்மா, ஒரு பழக்கம். நேரமாச்சு. ஃபாரத்தைக் குடுங்க, போட்டுத் தாரேன்.”

அவர் கையை நீட்டினார். மதிப்பான் அதற்குள் வெளியே போய்க் காரைப் பார்த்துவிட்டு, ‘நல்ல நிலை. சிறு கீறல்கள். ஆயிரத்து நானூற்று ஐம்பது’ என்று சீட்டு நீட்டியிருந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது கிடைத்தால் அந்த இடப்பக்கம் இன்னும் ஓர் ஆண்டுக்கு அப்படியே இருக்கும். ஞானக்கனி ஃபாரத்தைக் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். இப்படி யாராவது நின்றால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தவசிமுத்து சொன்னார்.

புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இருப்பது போலவே ஏழைக்கும் வரிவிலக்கு பத்து ஆண்டுதான். அவருடைய பத்து ஆண்டு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதன் பிறகு அவர் எல்லோரையும் போல வரி கட்ட வேண்டியவர். அவரிடம் இருப்பதோ இருநூற்றுச் சொச்சம் கார். எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாக அரசு இயந்திரமே சான்று கொடுத்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் செவ்வாய்க் கிரகத்திலேயே பெரிய பணக்காரர் அவர்தான். அந்தச் சொத்துக்கான வரி போக அவருக்குச் சேர வேண்டிய காற்றைக் கணக்கிட்டுக் காற்றகம் கடிதம் அனுப்பியிருந்தது.

“நாளையிலேருந்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரக் காத்து. மீதிப் பதினெட்டு மணி நேரத்துக்கு நானே ஏற்பாடு பண்ணிக்கணுமாம். பிப்ரவரியிலேருந்து பழகிக்கிட்டு வாரேன். இப்ப நிமிஷத்துக்கு மூணு தடவைன்னு வந்தாச்சு. கார்களை நிறுத்தவாவது சும்மா இடம் விட்டுருக்காங்க. குறை சொல்லக் கூடாது.”

மதிப்பெல்லாம் பொய் என்று சொல்லக்கூடாதா என்று அவள் கேட்டாள். அவர் சொல்லிப் பார்த்திருந்தார். அதைத் திருத்தினால் ஊரில் அத்தனை பேரும் பத்து ஆண்டாகக் கழித்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த யோசனையைப் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று, அவர்மேல் வைத்த மரியாதையோடு, நிராகரித்தார்கள். உடைத்துப் போட்டால்? நல்ல நிலையில் உள்ள வாகனத்தை உடைப்பது குற்றம். யாருக்காவது தானம் கொடுத்தால் வரி கழியும்தான். ஆனால் தானத்தை வாங்க ஒரு ஏழை வேண்டும். ஊரில் இருக்கிற ஒரே ஏழை அவர். தனக்குத்தானே கொடுத்துப் பார்த்தார். கொடுப்பவர் ரேகையும் வாங்குபவர் ரேகையும் ஒன்றாக இருப்பதாகச் சொல்லி மதிப்பான் தள்ளிவிட்டது. வேறு யாராவது ஏழையாக வருவார்களா என்று இரண்டு மாதமாகத் தேடினார். ஏழை என்றால் அவ்வளவு மதிக்கிற ஊரில் ஒருவருக்கும் நேரம் இல்லை.

“காலையிலேருந்து வந்தவங்ககிட்டச் சொல்லலியா?”

“கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன். நாப்பத்தோரு பேரு வந்தாங்க. எல்லாருக்கும் அஞ்சு மணிக்குள்ள முடியணும்னு அவசரம். நீங்க ஃபாரத்தைக் குடுங்கம்மா. இன்னும் ஒண்ணு கூடினா எனக்கு என்ன ஆயிரப்போகுது?”

ஞானக்கனிக்குள் பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அதற்கு வேண்டிய சூடு அவளிடம் எட்டு மாதமாக இல்லை. கையில் ஃபாரம் இருந்தது. கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. சாத்திய நடுக்கதவை ஒருமுறை நினைத்துக்கொண்டாள். அவர் மறுபடி கண்ணை மூடி எண்ணத் தொடங்கியதையும், பன்னிரண்டில் நிற்க முடியாமல் பத்திலேயே விட்டுவிட்டு, அவள் பார்க்கிறாளா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததையும் கவனித்தாள். பொன்னுலிங்கமும் அப்படித்தான் ஏமாற்றப் பார்ப்பார்.

“ஏழையாகணும்னா என்னவெல்லாம் செய்யணும், அண்ணாச்சி?”

“உங்களுக்கு எதுக்கும்மா அது? இரட்டை அறை வச்சிருக்கீங்கள்லா.”

“ஆமா, வச்சிருக்கேன்.”

“அதை விடணும்.”

“காத்தோடயா?”

“காத்தோடதான். ஒற்றை அறை குடுப்பாங்க.”

அவள் ஃபாரத்தை மேஜையில் வைத்தாள்.

“ஆறு மணி நேரக் காத்துல ஆள் இருக்க முடியாது. நான் பார்த்திருக்கேன்” என்றாள். “போடுங்க கையெழுத்தை. முதல்ல என் காரை நீங்க வாங்கிக்கிடுங்க. அப்புறம் எல்லாத்தையும் நான் வாங்கிக்கிடுதேன். புது ஏழைக்குப் பத்து வருஷம் வரி கிடையாதுலா.”

தவசிமுத்துவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் வேண்டாம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சிரைப்பே விவாதத்தை முடித்துவிட்டது. ஞானக்கனி மதிப்பானின் தட்டில் கட்டைவிரலை வைத்து, ஏழையாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னாள். புதிய ஏழைக்கும் சோதனை உண்டு என்று யாருக்கும் தெரியாது. இயந்திரம் அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு சீட்டு நீட்டியது. ‘நல்ல நிலை. சிறு கீறல்கள்.’

அறையை எழுதிக் கொடுத்தாள். இடப்பக்கக் காற்றுக்குத் தனியாக ஒரு கையெழுத்து கேட்டார்கள், அதையும் போட்டாள். தவசிமுத்து ஒவ்வொரு காராகத் தானம் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். சற்று முன்பு அவள் கொடுத்த கார் கடைசிக் காராக அவளுக்கே தானமாக வந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது எல்லாம் முடிந்தது. தவசிமுத்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எண்ணாமல் மூச்சு விட்டார். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் புதுக்குலசை ஒரு செய்தியோடு விழித்தது. ஒரே நாளில் இத்தனை கார்களை ஏழைக்குக் கொடுத்த வள்ளல் மனிதகுலத்தில் இதுவரை பிறந்ததில்லை. தவசிமுத்துவுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அவருடைய தானத்தால் கழிகிற வரி பல ஆண்டுக்குத் தாங்கும் என்று சங்கிலி மேடையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான், கைதட்டினார்கள். ஊரில் காலியாகிற இரட்டை அறை அந்த ஆண்டின் மிகப் பெரிய கொடையாளிக்குத்தான் என்பது வழக்கம். ஒரே ஓர் இரட்டை அறைதான் காலியாகியிருந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு தவசிமுத்து நேரே ஞானக்கனியின் ஒற்றை அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“உங்க அறையாம்லா தங்கச்சி. எனக்கு வேண்டாம்னேன். நான் வேண்டாம்னா அடுத்து சங்கிலிக்காம்.”

“நீங்களே இருங்க அண்ணாச்சி.”

“எனக்கு ஒரு பாதியே தாராளம்.”

“வலப்பக்கத்துல இருங்க. நடுக்கதவு இறுகிக் கிடக்கும்” என்றாள் ஞானக்கனி.

இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்ல இரண்டு வாக்கியம் போதும். ஆனால் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை வாசலில் நிற்கிற ஆளிடம் எப்படித் தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஓர் ஆண்டு போயிற்று. ஞானக்கனி எப்போதும் போல வேலைக்குப் போனாள். வடிகட்டிகளைக் கழுவினாள். ‘ஏழை அம்மா’ என்றார்கள். வளைகாப்பு, காதுகுத்து எதுவாக இருந்தாலும் முதல் பந்தியில் உட்காரவைத்துப் பாயசத்தை இரண்டு தடவை ஊற்றினார்கள். சாப்பிட்டாள். எந்தப் பந்தியிலும் என்ன ருசி என்று அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. தவசிமுத்து வலப்பக்கத்தில் இருந்தார். நடுக்கதவைத் தொடவில்லை. முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. கடகடவென்று பேசவும், பேசி முடித்தபின் ஒரு பெருமூச்சு விடவும் கற்றுக்கொண்டார். பொதுக்கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தார். வரி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இருப்பது போல அவருக்கும் ஓர் ஆடிட்டர் வாய்த்தான். மார்ச் மாதம் சங்கிலி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“இடப்பக்கம் சும்மாதானே கெடக்கு? ஆடம்பர வரி வரும், அண்ணாச்சி. நீங்க கட்டணும்னு இல்ல, உங்களுக்குக் கழிவு இருக்கு. ஆனா கழிவை எதுக்கு வீணாக்குதீங்க? உபயோகிக்காத காத்துல கொஞ்சம் எடுத்து ஏழைக்குக் குடுத்துருங்க. காருன்னா குடுக்கலாம், காத்துன்னா கூடாதுன்னு சட்டத்துல இல்ல.”

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலையில் வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவர் தவசிமுத்து. தள்ளுவண்டியில் நாலு சிலிண்டர். பத்து ஆண்டு அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மூணு சக்கரக் காருக்கும் வெறும் சாவிக்கும் கையெழுத்துப் போட்டவர் என்பதால், முன்னால் வந்து நிற்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. மதிப்பான் சிலிண்டர்களைச் சுற்றி வந்தது. ‘பயன்படுத்திய காற்று. நல்ல நிலை. எண்பது மூச்சுமணி’ என்று சீட்டு நீட்டியது.

“அது அப்படித்தான் போடும், உங்களுக்குத் தெரியாததா” என்றார் தவசிமுத்து. “இடப்பக்கத்துக் காத்து, தங்கச்சி. நான் உள்ளேயே போகல. குழாய் வச்சுப் பிடிச்சது. ரொம்பப் பழசு. திறந்தாத் தைல வாடை அடிக்குது, கோவிச்சுக்கிடாதீங்க.”

ஞானக்கனி பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். அதை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். இரவெல்லாம் பொன்னுலிங்கத்தின் நெஞ்சில் அவள் தேய்த்துக்கொண்டிருந்த தைலம் காலனியில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. பூமியிலிருந்து வரும்போது ஒரே ஒரு புட்டி கொண்டுவந்து, அதைத் தீர்த்துவிட்டுத்தான் அவர் போனார்.

சீட்டை மறுபடி படித்தாள். எண்பது என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“மதிப்பைக் குறைச்சுப் போட்டிருக்கு, அண்ணாச்சி” என்றாள்.

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு அடுத்து வந்தவர்கள் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தவசிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தார். காட்டினாலும் தப்பில்லை என்றும் நினைத்தார். தனக்கு உயிர் கொடுத்த பெண்ணுக்குப் போயும் போயும் தன் வீட்டில் மிஞ்சிய நாற்றக் காற்றை அடைத்துக்கொண்டு வந்து கொடுத்து, அதற்கு வரியும் கழித்துக்கொள்ளப் பார்த்தோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். அவர் நல்ல மனிதர். அறைக்குப் போகும் வரைகூடப் பொறுக்கவில்லை. வழியிலேயே காற்றகத்துக்குள் நுழைந்து, இடப்பக்கத்தில் மிச்சம் கிடக்கிற பழைய காற்றை ஒரு பொட்டு விடாமல் இன்றைக்கே பொதுத்தொட்டிக்கு இழுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த மார்ச்சுக்கு அந்த ஏழைக்கு ஆலையிலிருந்து வருகிற புத்தம் புதுக் காற்றைத் தன் சொந்தச் செலவில் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். ஏழைக்குக் கொடுக்கிறதை நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று புதுக்குலசையில் நினைத்த முதல் ஆள் அவர்தான்.

உனக்கு என்னம்மா வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கொடுக்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கொடுக்கிற வழக்கம் பூமியிலேயே கிடையாது. செவ்வாய்க்கு எங்கிருந்து வரும்?